பகல் ஒன்றேகாலுக்கு அளந்த இரைச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மட்டக்களப்பு கல்லடியில் பிரதான வீதியோரம் கட்டப்போகும் கல்யாண மண்டபத்தைப் பற்றிக் கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். "வாகனப் போக்குவரத்தினால் அவ்விடத்தில் பின்னணி இரைச்சல் ஏற்கெனவே கூடுதலாக இருப்பது அளவீட்டில் தெரியவந்துள்ளதால், அயலவர்களுக்குப் புதிதாகப் பாதிப்பு ஏற்படாது" என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப நாம ஏற்கெனவே செவிடாம். இனி என்ன பயம்?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அந்த அளவீடு நடந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். மண்டபம் வரப்போகும் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் ஒரே மதில்தான். ஆனி மாதம், பகல் ஒன்றேகால் மணி. இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். வீதியோரக் கடப்படியில் நின்று, ரிமோட் கொன்ட்ரோல் போல ஒரு கருவியைக் கையில் நீட்டிப் பிடித்தார்கள். முக்காலி இல்லை. ஒலிவாங்கிக்குக் காற்று படாமல் மாட்டும் பஞ்சுக் குமிழும் இல்லை. அன்றைக்கு வீசிய கச்சான் காற்றில் என் வாழைகள் இரண்டு சரிந்து கிடந்தன. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேறு. வான்கள், ஓட்டோக்கள், முந்தப் பார்த்து ஹோர்ன் அடிக்கும் தனியார் பஸ்கள், நடுவில் செங்கல் ஏற்றிய ஒரு உழவு இயந்திரம். கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் ஒரு தம்பி கருவிக்கு அருகிலேயே நின்று தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பும் கணக்கில் சேர்ந்திருக்கும்.

வெயிலில் நிற்கிறார்களே என்று இளநீர் வெட்டிக் கொடுத்தேன். "தம்பி, ராவைக்கும் ஒருக்கா வந்து பார்க்க மாட்டீங்களா? கல்யாண வீட்டுப் பாட்டு ராவையிலதானே?" என்று கேட்டேன். "ரிப்போர்ட்டுக்கு இது காணும் ஐயா" என்றார்கள். பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. போகச் சொன்ன நேரத்துக்கு அவர்கள் போகிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். முப்பது வருடத்துக்கு மேல் அளவுச் சங்கிலியும் கோணம் அளக்கும் தியோடலைற்றும் தூக்கினவன். அளவில் பிழை வந்தால் முதலில் கருவி எங்கே நின்றது, எத்தனை மணிக்கு நின்றது என்றுதான் கேட்போம். ஒலிக்கும் அதுதான் கேள்வி. சராசரி ஒலிமட்டம் என்பது ஒலிச் சக்தியின் சராசரி. அதை அளக்கும் அலகு டெசிபல். 60 டெசிபலில் ஓடும் ஒரு வீதியில் கால் மணி நேரத்துக்குள் பத்தே பத்து வினாடி 95 டெசிபலில் ஹோர்ன் அடித்தால் மொத்தச் சராசரி 75க்கு மேல் ஏறிவிடும். அதனால்தான் ஒலியியல் தெரிந்தவர்கள் பின்னணி என்று சராசரியை எடுப்பதில்லை. அளந்த நேரத்தில் நூற்றுக்கு 90 பங்கு நேரமும் எந்த அளவுக்குக் கீழே சத்தம் இறங்கவில்லையோ அந்த அளவைத்தான் எடுப்பார்கள். பஸ் போய் அடுத்த பஸ் வருமுன் இருக்கிற சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தியில் வந்தது இரண்டில் எது? தங்களுக்குத் தெரியாமலா பிரசுரித்திருப்பீர்கள்.

1996ஆம் ஆண்டு இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் தங்களுக்குத் தெரிந்தவையே. மாநகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. அந்த விதியில் இரவு மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும். பின்னணி ஏற்கெனவே அந்த எல்லையை எட்டியிருந்தால், அளந்த பின்னணிக்கு மேல் இன்னும் 3 டெசிபல் வரை அனுமதி. இப்போது பின்னணியைக் கூட்டிக் காட்டுவதில் யாருக்கு இலாபம் என்று பாருங்கள். பகல் ஒன்றேகாலுக்குப் பஸ் அடித்த ஹோர்ன், இரவு பதினொன்றரைக்கு ஒலிபெருக்கி வைக்கிறவருக்கு அனுமதிச் சீட்டாகிறது. "மூன்று டெசிபல்தானே" என்று செய்தியில் ஒருவர் சொல்லியிருந்தார். மூன்று டெசிபல் என்றால் ஒலியின் சக்தி இரண்டு மடங்கு ஐயா. வீதியில் ஓடும் வாகனங்கள் அத்தனையையும் இரட்டித்தால் கூடுகிற அளவு.

வீதி இரைச்சல் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2013இல் புதிய கல்லடிப் பாலம் திறந்த பிறகு பஸ்கள் ஓடுகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். பழைய ஒற்றைவழிப் பாலத்தில் காத்துநின்ற காலத்தில் சாரதிகளுக்குக் கொஞ்சம் பொறுமை இருந்தது. வீதியை உயர்த்திப் போட்டார்கள், வடிகாலை மறந்தார்கள். ஒவ்வொரு மார்கழியும் எங்கள் முற்றத்தில் முழங்கால் தண்ணீர். அதைப் பற்றி 2019இல் தங்களுக்கு எழுதினேன், வரவில்லை. அதற்கு முன், மருமகன் வீட்டுக்குப் பின்னால் இருந்த அரிசி ஆலையின் உமித்தூசியைப் பற்றி எழுதினேன். அதைப் போட்டீர்கள், என் பெயரைப் பிழையாக. ஆலைக்கு விசாரிக்க வந்த உத்தியோகத்தர் "ஜன்னலைப் பூட்டிவையுங்கள்" என்று ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார். வைகாசி வெக்கையில் ஜன்னலைப் பூட்டி இருந்து பார்க்கும்படி அவரை நான் கேட்டிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை. இப்போது இந்தச் செய்தி வந்த அதே பக்கத்தின் அடியில் அதே மண்டபத்துக்கு அரைப்பக்க விளம்பரம். தற்செயலாக இருக்கும், சரி.

இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் வளவு எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? பஸ்கள் ஓய்ந்துவிடும். எப்போதாவது ஒரு லொறி. அது போனதும் கிழக்கில் கடல் இரைவது கேட்கும். மேற்கில் வாவி. பௌர்ணமி இரவில் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதோடு சேர்த்து மீன் பாடுவதைக் கேட்ட தலைமுறை நாங்கள். மாநகரத்தின் வாசலில் மீன்பாடும் தேனாடு என்று பலகை வைக்கிறோம். மீன் பாடினால் கேட்கக்கூடிய பின்னணி இருக்கிறதா என்று எவரும் அளந்ததாக நான் அறியேன்.

மனைவிக்கு இரண்டு வருடமாக நித்திரைக் குளிசை. அது இல்லாவிட்டால் விடியும்வரை விழித்திருப்பாள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பிய நாடுகளுக்கென்று வெளியிட்ட வழிகாட்டலில், இரவில் வீதி இரைச்சல் வீட்டுக்கு வெளியே 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பியருக்குத்தான் நித்திரை வரும் என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

மண்டபம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் பேத்திக்கும் நாளைக்குக் கல்யாணம் நடக்கத்தான் போகிறது. நான் கேட்பது இவ்வளவுதான். அந்த அளவீடு எந்த இடத்தில், எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் எடுக்கப்பட்டது, கருவியை அளவீட்டுக்கு முன்னும் பின்னும் சரிபார்த்தார்களா என்று விசாரித்து நான்கு வரி பிரசுரியுங்கள். அப்புறம், காற்று அடங்கிய ஒரு வேலைநாள் இரவு, பத்து மணிக்குப் பிறகு, எங்கள் மதிலோரம் ஒரு மணி நேரம் அளக்கச் சொல்லுங்கள். கதிரை நான் போடுகிறேன். தேநீரும் தருகிறேன். நாயைக் கட்டிவைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.

(பெயரை இம்முறை தாங்கள் போடவே வேண்டாம்.)