கரடி பார்க்க வருவோரிடம் கருத்துக் கேட்பது எப்படி?

ஆசிரியருக்கு,

அலாஸ்காவின் காப்பு நிலங்களில் கரடி பார்க்க வருவோரிடம் கருத்துக் கேட்பது நல்லதே. ஆனால் எப்போது, யாரிடம் கேட்கிறார்கள் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அங்குள்ள கட்மாய் தேசியப் பூங்காவின் புரூக்ஸ் அருவியில் ஜூலையிலும் செப்டம்பரிலும்தான் கரடிகள் திரளும்; ஆகஸ்டில் பெரும்பாலும் வேறிடம் போய்விடும். ஜூலையில் மட்டும் கேட்டால் திருப்தி உச்சத்தில் இருக்கும், நெரிசல் புகாரும்தான். கரடி பார்க்க அமைத்த அருவி மேடையில் ஒரே நேரத்தில் 40 பேருக்குத்தான் இடம். காத்திருந்த நேரத்தைத் தனிக் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

படிவத்தை வழிகாட்டியே நீட்டினால், அவர் முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்கள்? திரும்பும் விமானத்துக்குக் காத்திருக்கும்போது வேறொருவர் கொடுக்கட்டும். குழுவுக்கு ஒருவர் போதும். அடுத்துப் பிறந்தநாள் வரும் பெரியவரைத் தேர்ந்தால், முந்திக்கொண்டு பேசுபவரே எப்போதும் பதில் சொல்வது குறையும். "கரடி எவ்வளவு தூரத்தில் இருந்தது?" என்ற கேள்வியால் பயனில்லை. திறந்த வெளியில் கண்ணளவை நம்ப முடியாது. 50, 100 கஜத்தில் எடுத்த படங்களைக் காட்டி, எது அவர்கள் பார்த்த தூரத்துக்கு நெருக்கம் என்று கேட்கலாம். எவ்வளவு கூட்டம் வரை பொறுத்துக்கொள்வார்கள் என்பதற்கும் படங்களே மேல், ஆனால் வரிசையைக் கலைத்துக் காட்டவேண்டும்.

அலாஸ்காவின் இன்னொரு கரடி பார்க்கும் இடமான மெக்நீல் ஆற்றில் ஒரு நாளைக்கு 10 பேருக்கே குலுக்கலில் அனுமதி. குலுக்கலில் விழாதவர்களையும் கேட்காத கணக்கெடுப்பு, உள்ளே போனவர்களின் மகிழ்ச்சியை மட்டுமே அளக்கும்.

இப்படிக்கு,
வனவிலங்கு ஆர்வலர்கள்