நீ கேட்ட 2147483647

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பொடி எழுத்துகூடத் தெரிகிறது என்கிறாய், அதனால் இந்தத் தடவை எண்களைத் தாராளமாக அள்ளிவிடுகிறேன்.

ரேண்டம் எண் தரும் புரோகிராமில் 2147483647 எதற்கு என்று கேட்டிருந்தாய். 2இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. பைனரியில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். பகா எண் வேறு. அதை நிரூபித்தவர் 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர். 1772இல் பெர்னூலி என்ற இன்னொரு கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். முந்தின வருடம் ஆய்லருக்கும் கண்புரை சிகிச்சை நடந்தது. பாவம், உன் அதிர்ஷ்டம் அவருக்கு இல்லை. பார்வை ஏறக்குறைய போயே விட்டது.

சாதாரணமாக, வர்க்கமூலமான 46,340 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் தேறும். ஆய்லர் அதை அழகாகச் சுருக்கினார். ஏதோ ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொள். 2ஐ அடுக்கிக்கொண்டே போனால், அதனால் வகுத்த மீதி 31ஆம் அடுக்கில்தான் முதன்முதலாக 1 ஆகும். ஃபெர்மாவின் தேற்றமோ, அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்கிலும் மீதி 1 என்கிறது. ஆக, அந்த ஒன்று குறைந்த எண்ணை 31 வகுத்தே ஆக வேண்டும். இதோடு, அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்ற இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மிஞ்சும் எண்கள் மட்டுமே பாக்கி. மொத்தம் 370 சொச்சம். அதிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம்.

உதாரணமாக, 248ஆல் வகுத்தால் 63 மிஞ்சும் 311 நம் எண்ணை வகுக்கிறதா என்று பார்ப்போம். 2இன் 8ஆம் அடுக்கு 256, அதாவது 311க்கு 55 குறைவு. 55இன் வர்க்கம் 3025. 311ஆல் வகுத்த மீதி 226, அதாவது 85 குறைவு; இது 16ஆம் அடுக்கு. 85இன் வர்க்கம் 7225; மீதி 72. இது 32ஆம் அடுக்கு, பாதியாக்கினால் 36. ஒன்றைக் கழித்தால் 35. பூஜ்யம் வரவில்லை, 311 அவுட்.

சரி, உன் புரோகிராமுக்கு வருகிறேன். கையில் உள்ள எண்ணை 16807ஆல், அதாவது 7இன் 5ஆம் அடுக்கால் பெருக்கி, 2147483647ஆல் வகுத்த மீதியை எடுக்கிறார்கள். இப்படியே போனால் 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல் வந்த பிறகுதான் பழைய எண் திரும்பும். பகா எண்ணாக இல்லாவிட்டால் இது நடக்காது. எல்லாமே ஒன்றுகள் என்பதால் வகுக்கவும் வேண்டாம். பெருக்கல் விடையை 31 பிட்டாக, அதாவது 31 பைனரி இலக்கங்களாக வெட்டிக் கூட்டினால் போதும். விளையாட்டுக்குச் சரி, பாஸ்வேர்டுக்கு மட்டும் பயன்படுத்திவிடாதே. ஒரு எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

அப்புறம், 2இன் 2147483647ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால்? 64 கோடி இலக்கங்களுக்கு மேல். பகா எண் இல்லை. 295257526626031 அதை வகுக்கிறது. அதே ஆய்லர் வழிதான். அதில் ஒன்றைக் கழித்து 2147483647ஆல் வகுத்துப் பார், மீதியில்லாமல் 137490 வரும். கண்ணுக்குச் சிரமம் இல்லையென்றால் கையாலேயே போடு.

அன்புடன்,
ராகவன்