48 மதிப்பெண்ணும் மீன் பெட்டியும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தோழிக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு இரண்டே நாளில் காலி. பதில் எழுதத்தான் இரண்டு மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

எம்ஐஏ என்ற மலேசியக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் சான்றிதழ் போன வாரம் கைக்கு வந்துவிட்டது! அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, விபூதியும் பூசிவிட்டார். ஏசிசிஏ என்ற பிரிட்டிஷ் கணக்காளர் பரீட்சையை முடித்த அன்றே நான் கணக்காளர் ஆகிவிட்டதாக நீயும் நினைத்திருப்பாய். ஆனால் 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி, எம்ஐஏவில் பதிந்தவர்தான் இங்கே அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பரீட்சை போக மூன்று ஆண்டு வேலை அனுபவமும் காட்ட வேண்டும்.

ஏசிசிஏவின் 13 தாளில் சிலவற்றுக்கு டிப்ளோமாவால் விலக்குக் கிடைத்தது. ஆனால் ஆடிட் (கணக்குத் தணிக்கை) தாள் இருக்கிறதே, மூன்று தடவை கவிழ்த்துவிட்டது. 50 எடுத்தால் பாஸ். எனக்கு 48, 46, மறுபடியும் 48. பகலெல்லாம் ஆடிட் வேலை, அதிலேயே பெயில். ஆபிசில் செய்வதையெல்லாம் பரீட்சையில் வரிசையாக எழுதி வைத்தேன். அதை ஏன் செய்கிறோம் என்று எழுதவில்லை.

அது விளங்கியது ஒரு டிசம்பர் 31 அன்று, உறைந்த மீன் கிடங்கில். சரக்கு எண்ணப் போயிருந்தேன். குளிரில் பேனா எழுதவில்லை, பென்சிலால் குறித்தேன். ஓர் அடுக்கின் நீள அகல உயரத்தைப் பெருக்கினால் பட்டியலோடு கச்சிதமாகப் பொருந்தியது. எதற்கும் இருக்கட்டும் என்று மேல் பெட்டியை இறக்கச் சொன்னேன். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குப் பள்ளம்! "நேற்றுதான் லோரியில் ஏற்றினோம், எழுத மறந்துட்டோம்" என்றார் மேற்பார்வையாளர். அப்பா காலத்துத் தோட்டத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, எழுதியதுதான் கணக்கு, யார் திருப்பிக் கேட்டார்கள்? எழுதியதை அப்படியே நம்பாமல் திருப்பிக் கேட்கத்தான் ஆடிட் என்ற நினைப்போடுதான் வீடு வந்தேன். நான்காம் தடவை 61.

சரி, உன் மகன் விஷயம். அவன் கணக்கில் புலி என்கிறாய். கூட்டிக் கழிக்க எக்ஸெல் இருக்கிறது. கணக்கில் ஐந்து வெள்ளி இடித்தால் தூங்காமல் தேடுவானா, அதைச் சொல். ஏசிசிஏ கட்டணம் பவுண்டில் கட்ட வேண்டும், ஒவ்வொரு பெயிலும் பணம். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) நன்றாகச் செய்தால் பினாங்கு யுஎஸ்எம் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டம் எடுக்கட்டும். அந்தப் பட்டத்தோடு மூன்றாண்டு அனுபவம் இருந்தால் ஏசிசிஏ இல்லாமலே எம்ஐஏவில் சேரலாம். எனக்கு அப்போது இதை யாரும் சொல்லவில்லை.

கணக்கு முடிப்பு நேரம், லீவு கேட்டாலே முறைக்கிறார்கள். ஆனாலும் தைப்பூசத்துக்குக் கெஞ்சி வாங்கிவிட்டேன். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பையனையும் கூட்டி வா, ஏறும்போது பேசிக்கொள்கிறேன். முறுக்கு டப்பாவையும் அப்போது தருகிறேன். காலியாகத்தான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி