சின்ன டர்போ வண்டிகளில் ஆயில் ஏன் குறைகிறது? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"சர்வீஸ் விட்டு ஆறு மாசம்கூட ஆகல, ஆயில் எங்கே போச்சு?" 1.0, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் பலர் எங்கள் பட்டறையில் இதைக் கேட்கிறீர்கள். நின்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் நம் நாட்டில் வரி குறைவு. வெனியூ, நெக்ஸான், மேக்னைட், ஃப்ரான்க்ஸ் என்று இத்தனை வண்டிகளில் சின்ன இன்ஜினும், அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவும் ஜோடி சேர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். ஓட்டுவதற்கு அருமையான இன்ஜின்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இழுவையின் பாரம் ஆயிலின் தலையில் விழுகிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை போகும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். பக்கத்திலேயே 900 டிகிரி வரை சூடேறிய புகை. போதாததற்கு, மைலேஜுக்காக, பெட்ரோல் எரியும் அறைக்குள் ஆயில் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கின் இறுக்கத்தைக் குறைத்து, 0டபிள்யூ-20 மாதிரி நீர்த்த ஆயிலையும் போடச் சொல்கிறார்கள்.

ஆக, கொஞ்சம் குறைவது இயல்பு. எவ்வளவு என்பதில்தான் தகராறு. சில ஐரோப்பிய நிறுவனங்களின் கையேட்டில் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று அச்சடித்தே இருக்கும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நாலு லிட்டர் பிடிக்கும் இன்ஜினை 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் சர்வீஸுக்கு விடுகிறீர்கள் என்றால், நீங்களே பெருக்கிப் பாருங்கள். 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லியைத் தாண்டினாலே நாங்கள் காரணம் தேடத் தொடங்குவோம்.

ஐரோப்பாவில் ரெனோவின் 1.2 டர்போ பெட்ரோல் இன்ஜின் பட்டபாடு தெரிந்திருக்கலாம். 2012 முதல் 2016 வரை வந்த அந்த இன்ஜின்கள் ஆயிலைக் குடித்துப் பழுதானதாக பிரான்ஸின் நுகர்வோர் சங்கம் 2019இல் பிரச்சினையைக் கிளப்பியது. இங்கே ரெனோவின் கைகர் வண்டியில் இருக்கும் 1.0 வேறு இன்ஜின். அதை வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம்.

நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் கவனிக்க. பள்ளிக்கூடம், கடை, வீடு என்று இரண்டு மூன்று கிலோமீட்டரில் அணைக்கும் வண்டியில், எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் குறைந்திருந்தாலும் அளவு சரியாக இருப்பது போலவே காட்டும். பிறகு ஒருநாள் சென்னைக்கு ஒரே மூச்சில் ஓட்டும்போது அந்தப் பெட்ரோல் ஆவியாகி, உண்மை வெளியே வரும். நெடும்பயணம் போய்வந்த மறுநாள் காலை கட்டாயம் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான். பெரும்பாலான வண்டிகளில் மேல்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர்.

புகை வரவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சைலன்ஸர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் அதை ஓரளவு எரித்து மறைத்துவிடும். கடைசியில் கன்வெர்ட்டரே கெடும். ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிட்டு எங்களை அழையுங்கள். மெல்ல ஓட்டிவந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

இனி வைத்தியம். ஆயில் குறைகிறது என்றதும் "டர்போ போச்சு" என்று கழற்றுவதை நாங்கள் ஏற்பதில்லை. முதலில் வெளிக்கசிவு, அப்புறம் இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு. அதற்குள் இருக்கும் ரப்பர் கிழிந்தாலே லிட்டர் கணக்கில் ஆயில் உள்ளே இழுபடும். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருந்தால், நல்ல டர்போவும் கசியத்தான் செய்யும். மலையிலிருந்து கியரில் இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது புகை வந்தால், வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைச் சந்தேகப்படுவோம். ரிங், பிஸ்டன் எல்லாம் கடைசியில்தான்.

தடிமனான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டார்ட் செய்தவுடன் டர்போவுக்கு ஆயில் போய்ச்சேரத் தாமதமாகும். கையேட்டில் உள்ள கிரேடிலேயே, ஏபிஐ எஸ்பி (அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் ஆயில் தரக்குறி) தரத்தில் வாங்குங்கள். குறைந்த வேகத்தில் பெரிய கியரில் மிதிக்கும்போது, ஸ்பார்க்குக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் கோளாறைக் கட்டுப்படுத்தும் சோதனை, 2020இல் வந்த அந்தத் தரத்தில் உண்டு. ஆயிலை 7,500 கிலோமீட்டரில் மாற்றச் சொல்வது எங்கள் வியாபாரத்துக்காக என்று நினைப்பவர்கள், ஆயிலை வெளியே வாங்கியே கொண்டுவாருங்கள், போட்டுத் தருகிறோம். வாரண்டியில் உள்ள வண்டி என்றால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் பதிந்து, ஜாப் கார்டு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருப்பவர்களுக்கு அளவுச் சோதனை செய்கிறோம்: ஆயிலை மேல்குறிவரை நிரப்பி, மூடிக்கு சீல் வைத்து அனுப்புவோம், 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், குறைந்ததை அளந்து எழுதித் தருவோம். இதற்குக் கூலி இல்லை. ஊற்றும் ஆயிலுக்கு மட்டும் விலை. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையினர்