காய்ச்சல் அட்டையைக் கண்டால் கேட்டைத் திறந்துவிடுங்கள்

சிலிம் ரிவர் வட்டாரத் தோட்ட நிர்வாகிகள், கிராணிமார்கள், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள், கோயில் தலைவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை போன்ற இடங்களில் நிபுணர்கள் இருக்கிறார்கள், மருந்தும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை முடிய இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதில் பெரும்பாலான நாள்களைப் பிள்ளை வார்டில் கழிப்பதில்லை, நம் லயங்களில்தான் கழிக்கிறது. காய்ச்சல் வந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடப்பதைக் கோலாலம்பூர் தீர்மானிக்க முடியாது. அது உங்கள் பொறுப்பு.

காய்ச்சல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதானே என்று நினைக்காதீர்கள். கீமோ மருந்து புற்றணுக்களோடு சேர்த்து, கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களையும் அழிக்கிறது. மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களில் அவை பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போய்விட்டால், அந்த உடம்பால் சீழ்கூடப் பிடிக்க முடியாது. புண் பெரிதாகச் சிவக்காது, வீங்காது. பல நேரங்களில் வெளியே தெரியும் ஒரே அடையாளம் காய்ச்சல்தான். பிள்ளையின் குடலிலும் தோலிலும் எப்போதும் இருக்கும் கிருமியே ரத்தத்தில் இறங்கி, சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். அதனால்தான் மருத்துவமனைக்குள் நுழைந்த 60 நிமிடங்களுக்குள் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 60 நிமிடக் கணக்கில் தோட்டத்துச் சாலையும் பூட்டிய கேட்டும் சேரவில்லை.

அளவு இதுதான்: ஒரே முறை 38.3 டிகிரி காட்டினாலும், 38.0 ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றாலும் புறப்பட வேண்டும். நிபுணர் பிள்ளையின் காய்ச்சல் அட்டையில் (கீமோ எடுக்கும் பிள்ளை என்று காட்டும் அட்டை) வேறு எண் எழுதியிருந்தால் அந்த எண்ணையே பின்பற்ற வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனை அக்குளின் நடுவில் படும்படி வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஒலி வரும்வரை எடுக்காதீர்கள். நெற்றிக்கு நேரே காட்டும் கருவியை இந்தப் பிள்ளைகளுக்கு நம்ப வேண்டாம். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ, மாத்திரையோ, எனிமாவோ வைக்கவே கூடாது. அங்கே விழும் சிறு கீறல் கிருமிக்கு வாசலாகிவிடும். காய்ச்சல் இல்லாமலே பிள்ளை வெடவெடவென நடுங்கினாலும், துவண்டு கிடந்தாலும் அதுவும் அவசரம்தான். நெஞ்சில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு குழாய்க் கருவி) வைத்த பிள்ளைக்கு அதைக் கழுவிவிட்ட சிறிது நேரத்தில் நடுக்கம் வந்தால், குழாயிலிருந்த கிருமி ரத்தத்துக்குப் போயிருக்கலாம்.

எங்கே தவறு நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது, அளந்து பார்க்காமலே பாராசிட்டமால் கொடுப்பது. சூடு இறங்கும், கிருமி இறங்காது. பெற்றோர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். இபுபுரோஃபென் கூடவே கூடாது, ரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும் உடம்பில் அது ரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டாவது, பக்கத்துக் கிளினிக்கில் தசையில் ஓர் ஊசி போட்டு, குடிக்கும் மருந்தோடு வீடு திரும்புவது. மூன்றாவது, விடியட்டும் என்று காத்திருப்பது. கோலாலம்பூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நேராக அங்கே ஓட வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், ரத்தம் எடுத்து முதல் ஆன்டிபயாடிக் ஏறிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். கவுண்டரில் “டெமாம்” (காய்ச்சல்) என்று மட்டும் சொன்னால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில், இருமும் பிள்ளைகள் நடுவே உட்கார வேண்டிவரும். “அனாக் சாயா செடாங் கெமோதெராபி, டெமாம்” (என் பிள்ளை கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறது, காய்ச்சல்) என்று சொல்லி அட்டையை நீட்ட வேண்டும்.

தோட்ட நிர்வாகிகளே, உங்களிடம் கேட்பது மூன்று காரியங்கள். இரவில் கேட்டைப் பூட்டிவிட்டு, மேலாளரின் அனுமதி வரும்வரை ஜாகா (காவலாளி) வண்டியை நிறுத்திவைக்கும் வழக்கம் இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தக் கூடாது. அட்டையைக் காட்டினால் கேள்வி கேட்காமல் திறக்க வேண்டும் என்று எழுத்தில் கட்டளை போட்டு ஜாகா கொட்டகையில் ஒட்டுங்கள். ஜாகா பலர் நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள், எனவே மலாயிலும் எழுதுங்கள். அடுத்தது வண்டி. ஒரு டிரைவர் போதாது, ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் போகத் தயாராக இன்னொருவர் வேண்டும், இருவர் எண்ணும் அந்த வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும். 999 அழைக்க நேர்ந்தால், தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் பெரிய சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லி, கேட்டருகே ஓர் ஆளை விளக்கோடு நிறுத்துங்கள். செம்பனைக் காட்டுக்குள் ஆம்புலன்ஸ் பாதை தேடி வீணாகும் நேரம் அதிகம். மூன்றாவது பகல் நேரம். தாய் பிளாக்கின் உள்ளே இருக்கும்போது கைப்பேசி அலை கிடைக்காது. ஆயா கொட்டகையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ செய்தி வந்தால் அவரை யார் போய் அழைத்துவருவது என்பதைக் காலைப் பெரட்டிலேயே (ஆள் கணக்கெடுப்பிலேயே) மண்டோர் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் டிரசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருந்த காலத்தில் இதெல்லாம் அவர் தலையில் இருந்தது. பல தோட்டங்களில் இன்று அந்த நாற்காலி காலி, வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த நோய் வந்தால் எப்படியும் பிழைக்காது, எதற்கு இத்தனை பாடு என்று பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய கதை. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வில், எலும்பு மச்சையில் மிச்சமிருக்கும் புற்றணுக்களை நுட்பமாக அளந்து, குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு மருந்தையும் குறைத்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 88 விழுக்காடு. நம் பிள்ளைகள் பிழைக்கக்கூடியவர்கள். அவர்களைக் காய்ச்சலுக்குப் பறிகொடுப்பதை ஏற்க முடியாது.

தலைமையாசிரியர்களே, கடைசிக் கட்டச் சிகிச்சையில் பிள்ளைக்கு முடி வளர்ந்திருக்கும், ஓடியாடும், பள்ளிக்கும் வரும். பார்ப்பவர்களுக்குக் குணமாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் தினமும் மெர்காப்டோபியூரினும் வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மெர்காப்டோபியூரினைத் தாங்காத மரபணு வேறுபாடு ஆசியர்களில் பலருக்கு உண்டு. அவர்களுக்கு வழக்கமான அளவிலேயே வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். ஆகவே மாத்திரைதானே என்று இருக்க முடியாது.

வகுப்பில் யாருக்காவது சின்னம்மை கண்டால் அன்றைக்கே, மறுநாள் அல்ல, அந்தப் பிள்ளையின் பெற்றோருக்குச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் அடங்கிய பாதுகாப்பு ஊசி போடுவதற்குச் சிறந்த அவகாசம் தொற்றுப் பட்டதிலிருந்து 96 மணி நேரம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும் என்பதால், உங்களுக்குச் செய்தி வரும்போதே பாதி அவகாசம் போயிருக்கும். சின்னம்மைத் தடுப்பூசி அரசின் வழக்கமான அட்டவணையில் இல்லை, எனவே வகுப்பில் பலர் போட்டிருக்க மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, வெளியே சொல்லாமல் இருக்கும் வீடுகளின் பக்தியை நாங்கள் மதிக்கிறோம். வேப்பிலை இருக்கட்டும், பள்ளிக்கு ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். நீண்ட நாள் வார்டில் இருக்கும் பிள்ளைக்கு, 2011 முதல் பெரிய அரசு மருத்துவமனைகளில் நடக்கும் மருத்துவமனைப் பள்ளி கைகொடுக்கும். தமிழ்ப் பயிற்சித் தாள்களை மட்டும் நீங்கள் அனுப்பிவையுங்கள்.

கோயில் தலைவர்களே, இந்தப் பிள்ளைக்குத் தீர்த்தத்தைக் குடிக்கத் தராமல் தலையில் தெளித்தால் போதும். அன்னதானத்தில் இறக்கி இரண்டு மணி நேரத்துக்கு மேலான சோறும் காய்ச்சாத பாலும் வேண்டாம். போர்ட் இருக்கும் இடத்தில் விபூதி, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். வசூல் செய்து கொடுக்க நினைத்தால், மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளிதான் கட்டணம் என்பதை நினைவில் வையுங்கள். குடும்பத்தை அழுத்துவது பெட்ரோலும், டோலும், வேலைக்குப் போகாத நாள்களின் கூலியும்தான். முதலில் மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவுக்குப் பெற்றோரோடு ஒருவர் போகட்டும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கையோடு எடுத்துச் செல்லட்டும். வெளியூர்ப் பிள்ளையோடு தங்க இடம், மாக்னா (தேசியப் புற்றுநோய் மன்றம்) போன்ற அமைப்புகளின் உதவி ஆகியவற்றுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகும் எட்டாமல் நிற்பது எவ்வளவு என்று கேட்டு, அதை மாதாமாதம் கொடுங்கள். முதல் மாதத்தில் மொத்தமாகக் கொடுத்த பணம் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே தீர்ந்துவிடுகிறது, ஆனால் சிகிச்சை அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் நீளும்.

இப்படிக்கு,
சிலிம் ரிவர் வட்டாரத்தில் நோயுற்ற பிள்ளைகளின் குடும்பங்களோடு பணியாற்றும் தாதியர், மருந்தாளர், தன்னார்வலர்கள்