குச்சிக்கு ரசீது கிடையாது: தேசியக் கொள்கை வகுப்போருக்குச் சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மத்திய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் 2024 ஜூலை 23 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும், கடுகுக்குத் தந்த அனுமதி செல்லுமா என்பதில் மாறுபட்டார்கள். விவசாயிகளையும் மாநில அரசுகளையும் கலந்துபேசி மரபணு மாற்றுப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டார்கள். அந்தக் கலந்துபேசல் எங்கே, எப்படி நடக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். ஆத்தூர், வாழப்பாடி, கெங்கவல்லிப் பக்கத்துக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வயல்களை வைத்தே சொல்கிறோம்.

மரபணு மாற்றுப் பயிருக்கு வயல் பரிசோதனை என்றதும் மகரந்தம் எவ்வளவு தூரம் போகும், எத்தனை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். குச்சிக்கிழங்கில் அந்தக் கணக்கு போதாது. இங்கே யாரும் விதை போடுவதில்லை. கிழங்கு பிடுங்கியபின் நிற்கும் தண்டை அரை அடிக் கரணையாக நறுக்கி நடுகிறோம். ஒரு செடியின் தண்டில் பத்துக் கரணை தேறும் என்று வையுங்கள். பரிசோதனைத் திடலிலிருந்து பத்துச் செடியின் குச்சி வெளியே போனால் முதல் நடவில் நூறு செடி, அடுத்ததில் ஆயிரம், மூன்றாவதில் பத்தாயிரம். மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு 4,840 செடி. அதாவது மூன்றே நடவில் இரண்டு ஏக்கர். குச்சி பக்கத்துக் காட்டிலிருந்தோ உறவுக்காரரிடமிருந்தோ டிராக்டரில் வரும், ரசீது கிடையாது. கிழங்கு நன்றாக இறங்குகிறது என்று ஒரு குச்சி பேர் எடுத்துவிட்டால் ஆளுக்கொரு கட்டு கேட்டு வாங்கிப் போவார்கள். இதில் திருட்டு எதுவும் இல்லை, தலைமுறை வழக்கம். தேமல் நோயும் மாவுப்பூச்சியும் ஊர் ஊராகப் போன வழிகளில் இதுவும் ஒன்று. கரணை நறுக்கும் பெண்களைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்களைக் கேட்கும் இடம் உங்கள் நடைமுறையில் இல்லை.

மக்கள் பங்கேற்பு என்பது அறிவியலுக்கு வெளியே நடக்கும் சடங்கு அன்று. 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி இங்கும் வந்து குருத்தைச் சுருட்டியது. பெனின் நாட்டிலிருந்து தருவித்துச் சோதித்த, மாவுப்பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டார்கள். நல்ல அறிவியல், மனமார வரவேற்கிறோம். ஆனால் ஒருவர் குளவி விட்ட மறுவாரம் பக்கத்து வரப்புக்காரர் பூச்சிமருந்து அடித்தால் மாவுப்பூச்சியோடு குளவியும் சாகும். அக்கம்பக்கத்தார் உடன்படாமல் அந்தத் தொழில்நுட்பம் வேலையே செய்யாது.

இருக்கிற சட்டங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சேலத்தில் ஒரு பெரிய சுரங்கம் தோண்ட வேண்டுமானால், 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்க அறிக்கை, பொதுவெளியில் கருத்துக்கேட்புக் கூட்டம் எல்லாம் உண்டு. மரபணு மாற்றுப் பயிரைப் பரிசோதனைத் திடலில் நட இவற்றில் ஒன்றும் கட்டாயமில்லை. மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதியும் மாநில அரசின் தடையின்மைச் சான்றும் போதும். அந்த ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மரபணுத் திருத்தம் (பயிரின் சொந்த மரபணுவிலேயே குறிப்பிட்ட இடத்தில் மாற்றம்) செய்த பயிர்களில் இரு வகைகளுக்கு 2022 மார்ச்சில் விலக்கும் தந்துவிட்டீர்கள். வேற்று மரபணு இல்லை என்று நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு உறுதி செய்தால் அவை மேலே மதிப்பீட்டுக் குழுவுக்கு வர வேண்டியதில்லை. அந்த நிறுவனக் குழுவில் விவசாயிக்கு என்று ஓர் இடம் இல்லை.

பூச்சியை எதிர்க்கும் மரபணு சேர்த்த பி.டி. கத்தரி குறித்து 2010-ல் நாடு முழுவதும் நடந்த கூட்டங்களை மதிக்கிறோம். ஆனால் அவை ஏழு நகரங்களில் நடந்தன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. இங்கிருந்து பக்கம் என்றால் பெங்களூருதான். கூலிக்குப் போகிறவர் அங்கே எப்படி வருவார்?

ஆகவே இந்தக் கலந்துபேசலைக் கிராம சபையில் வையுங்கள். ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. கிழங்கு வெட்டு மும்முரமான மாதங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள். என்ன மாற்றினீர்கள், எதற்கு, தவறினால் இழப்பீடு யார் தருவது என்று நாலு பக்கத் தமிழ்க் குறிப்பை 45 நாள் முன்பே ஊராட்சி அலுவலகத்திலும் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டுங்கள். தனியாகக் கூட்டம் போட்டால், வருகிற கூலிப் பெண்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஏற்றீர்களா இல்லையா, ஏன் என்று தமிழில் வெளியிடுங்கள். பதில் வராத கூட்டத்துக்கு இரண்டாம் முறை யாரும் வர மாட்டார்கள். சேர்வராயன் மலையில் செடிகொடி சேகரிக்கும் ஆய்வுகளுக்கு உள்ளூர் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கலந்துபேச 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமே வழி செய்கிறது. குழு காகிதத்தில் மட்டும் இல்லாமல் கூடுகிறதா என்று பார்த்தால் போதும்.

குச்சிக்கிழங்குப் பரிசோதனை எதையாவது இங்கே அனுமதிப்பதாக இருந்தால் கூடுதலாக ஒன்று. நட்டது எத்தனை செடி, பிடுங்கியது எத்தனை, எரித்த தண்டு எத்தனை என்று ஊராட்சி உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் எண்ணி, அந்தக் கணக்கை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேலம் மாவட்டக் குச்சிக்கிழங்கு விவசாயிகளும் வேளாண் பட்டதாரிகளும்