மொட்டை மாடி வெயிலுக்கும் விதி எழுதுங்கள்: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழும அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னை எப்படிக் கட்டப்படவேண்டும் என்று வகுக்கும், 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதனால்தான், வீட்டுக் கூரையின் சூட்டையும் அது ஏற்றிவிடும் மின்தேவையையும் பற்றிய இந்த மடல், மின்வாரியத்துக்கு எழுதவேண்டியதுபோலத் தோன்றினாலும், உங்களுக்கு எழுதுகிறேன்.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம் அது. விவசாயமும் தொழிற்சாலைகளும் சேர்ந்த எண்தான். ஆனாலும் கோடையில் அதை மேலே தள்ளுவதில் ஏ.சி.க்குப் பெரிய பங்கு உண்டு. டிரான்ஸ்பார்மர் தாங்காமல் இரவில் மின்சாரம் போனால் எல்லோரும் மின்வாரியத்தைத்தான் திட்டுகிறோம். அந்த வீடுகளுக்கு இவ்வளவு குளிர்ச்சி தேவைப்படும் என்பதோ, வரைபடத்துக்கு அனுமதி கிடைத்த அன்றே பெருமளவு முடிவாகிவிட்டது.

மேல்தளத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறது. மேற்குச் சுவரும் அப்படித்தான். ஆகவே சூரிய மின்சாரம் நின்றுபோன நேரத்தில் ஊரே ஏ.சி.யைப் போடுகிறது. சென்னைக் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கவே அந்த இயந்திரம் கணிசமான மின்சாரத்தைச் செலவழிக்கிறது. வெளியே தள்ளும் அனலோ, இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள சந்தில் தேங்கிப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியே நுழைகிறது. அவர்களும் ஜன்னலை மூடிவிட்டு ஏ.சி. வாங்குகிறார்கள்.

ஒரு ஏ.சி.க்கு மணிக்கு ஒரு யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். இரவுக்கு எட்டு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாம் சேர்ந்தால் 500 யூனிட்டைத் தாண்டி, கட்டணம் சட்டென்று ஏறிவிடும். வாடகைக்கு இருப்பவர் கட்டும் இந்தத் தொகை, வீட்டைக் கட்டியவர் கூரைத் தளத்தில் மிச்சம் பிடித்த காசு. ஏ.சி. வாங்க வழியில்லாதவர்களுக்கு அந்த மிச்சம் தூக்கமில்லாத இரவாக வந்து சேர்கிறது. மின்விசிறி அதே சூட்டுக்காற்றைத்தான் சுழற்றும். நகர்ப்புற வாழ்விட வாரியத்தின் அடுக்குமாடிகளில் மேல்தளத்தில் இருக்கும் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அரசே அறிவித்துவிட்டது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதை வீட்டுக்குள் இறக்கும் கூரைக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் அனுமதி தருவது எப்படிச் சரியாகும்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதித்த மாடிகள் இந்த ஊரில்தான் இருந்தன. இன்று வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சும் வெள்ளை டைல்ஸும் கடையிலேயே கிடைக்கின்றன. வீடுகளுக்கென்று மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் நெறிமுறை, கூரை வழியே எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உள்ளே விடும். அந்த வரம்பைத் திட்ட அனுமதியின் நிபந்தனையாக்குங்கள். மேற்கு ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேடு, ஏ.சி. வெளிப்பெட்டிக்கு அடுத்த வீட்டை வாட்டாத இடம், இவற்றையும் வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

செலவு கூடும் என்று கட்டுநர்கள் சொல்வார்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோதும் முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இல்லாமல் வீடு கட்ட முடியாது என்ற நிலை வந்தது. கூரைக்கும் அதே உறுதி வேண்டும். முதலில் அரசு கட்டும் குடியிருப்புகளில் தொடங்குங்கள், ஏற்கெனவே நிற்கும் அடுக்குகளின் மாடிகளுக்கு வெள்ளைப் பூச்சு உட்பட. முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது இந்தப் பிரிவு அதில் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையில் மேல்தளத்தில் குடியிருக்கும் ஒருவர்